ஷாலுக் குளத்து நிர்மால்யம்

முழங்காலில் ஊசி போட்டுக்கொள்வதற்காக அண்மையில் கல்கத்தா நியூ டவுனில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். நர்ஸ் பெண் பஞ்சைப் பழுப்பு மருந்தில் தோய்த்து மூட்டைச் சுற்றித் துடைத்தாள். அயோடின். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் கண்கள் நிறைந்துவிட்டன.

"தீதா, லாக்ச்சே?" என்று பதறினாள். பாட்டியம்மா, வலிக்கிறதா என்று கேட்கிறாள். ஊசியோ இன்னும் உறையைவிட்டே வெளியே வரவில்லை. வலி இல்லையம்மா, பழைய வேலை நினைவுக்கு வந்தது என்றேன் வங்காளத்தில். என்ன வேலை என்றாள். "குளத்துக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மருத்துவரைப் பார்த்தாள். பிறகு மிகுந்த பரிவோடு என் கையைத் தடவிக் கொடுத்தாள். என் வயதில் உண்மையைச் சொன்னால் கிடைக்கும் மரியாதை பெரும்பாலும் இதுதான்.

ஆனால் நான் சொன்னது உண்மை. நன்னீரை ஆராயும் அரசுக் கூடம் ஒன்றில் வேதியியல் பிரிவில் வேலை பார்த்தவள் நான். மீன் சுவாசிப்பது நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை. அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு முறை இருந்தது. கண்ணாடிச் சீசாவை நீருக்குள் சாய்த்து, ஒரு குமிழிகூட உள்ளே தங்காமல் நிரப்ப வேண்டும். அங்கேயே, கரையில் நின்றபடியே, இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டு மூடிக் கவிழ்த்தால், சீசாவுக்குள் மேகம் திரளும். நீரில் பிராணவாயு இருந்தால் அந்த மேகம் பழுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. மேகம் மெல்லக் கீழே படிந்த பிறகு கூடத்துக்கு எடுத்துச் சென்று அமிலம் விட்டால், பழுப்பெல்லாம் கரைந்து நீர் பொன்னிறமாகிவிடும். அப்போது எழுவதுதான் அயோடின் வாசனை. என் விரல் நுனிகளில் அந்தக் கறை போனதே இல்லை. "உன் கையால பரிமாறினா தயிர்சாதம்கூட புளியோதரை மாதிரி தெரியுது" என்பார் என் கணவர். அப்படிச் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் கை நீட்டுவார்.

அவர் திருச்சிக்காரர், ரயில்வேயில் இருந்தார். கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி யார்டில் வேலை, பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். பகலெல்லாம் சரக்கு வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் ஓசை. குளிர்காலம் வந்தால் பெரிய ஏரியில் எங்கிருந்தோ வாத்துகள் வந்து இறங்கும். அவற்றைப் பார்க்கக் கல்கத்தாவிலிருந்து கூட்டம் கூட்டமாக மனிதர்கள் வந்து இறங்குவார்கள். எங்கள் சந்தின் கோடியிலும் ஒரு குளம் இருந்தது. அதன்மேல் எந்த வாத்தும் இரண்டாம் முறை பறந்ததாக எனக்கு நினைவில்லை. ஷாலுக் புகுர் என்று பெயர். ஷாலுக் என்றால் ஆம்பல், புகுர் என்றால் குளம். நாங்கள் குடிபோனபோது ஆம்பல் பெயரில் மட்டும் மிச்சமிருந்தது. ஆனால் படித்துறை அழகானது. செங்கல் படிகள், ஓரத்தில் ஒரு வில்வமரம். சந்துப் பெண்கள் குளிப்பதும் துவைப்பதும் பாத்திரம் துலக்குவதும் உலக நடப்புப் பேசுவதும் அங்கேதான்.

அந்த ஆண்டு எங்கள் பிரிவில் தெருக்குளங்களைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியது. அவரவர் வீட்டுக்கு அருகில் உள்ள குளத்தை அவரவர் பார்த்துக்கொள்வது என்று தலைவர் சொல்லிவிட்டார். என் பங்குக்கு ஷாலுக் புகுர். நான் அதைக் கையில் எடுத்த நேரத்தில் அதன் வடமூலையில் கட்டட இடிபாடுகள் குவியத் தொடங்கியிருந்தன. வங்காளத்தில் அந்தக் குப்பைக்கு ராபிஷ் என்று பெயர். ஒரு புரொமோட்டர், அதாவது அடுக்குமாடி கட்டி விற்பவர், லாரி லாரியாக அனுப்பிக்கொண்டிருந்தார். உயிருள்ள குளத்தை மூடச் சட்டம் விடாது. நாற்றமெடுத்துச் செத்த குளமென்றால் அக்கம்பக்கத்தாரே மூடச் சொல்லிக் கையெழுத்துப் போடுவார்கள். அதற்காகத்தான் அவர் காத்திருந்தார் என்பது சந்தில் எல்லாருக்கும் தெரியும்.

இரவெல்லாம் வெளிச்சமின்றிச் சுவாசித்துச் சுவாசித்துக் குளம் மிகவும் இளைத்திருப்பது விடியற்காலையில். ஆகவே நீர் எடுக்க வேண்டிய நேரமும் அதுவே. எனக்கு அது சிரமமாகத் தோன்றவில்லை. பிறந்த வீட்டில் அந்த வேளையில் எழுந்தே பழக்கம். அப்பா கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பவர். கேட்டுக் கேட்டே எங்களுக்கெல்லாம் மனப்பாடம். சீசாவில் மேகம் படிய அவகாசம் தர வேண்டுமல்லவா? என் கைக்கடிகாரம் தொடக்கத்திலேயே ஒரு நாள் நழுவிக் குளத்துக்குள் போய்விட்டது. புதியது வாங்கக் கணவர் புறப்பட்டார். நான் வேண்டாம் என்றேன். ஒரு பத்துப் பாசுரத்தை நிதானமாகச் சொல்லி முடித்தால் சீசாவின் மேற்பாதி பளிங்குபோல் தெளிந்திருக்கும். எந்தக் கடிகாரமும் அவ்வளவு நாணயமாக ஓடியதில்லை.

இதைக் கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நீங்களே எண்ணிப் பாருங்கள். கிழக்கு வெளுக்கும் நேரம். இடுப்பளவு நீரில் ஒரு மதராஸி அம்மாள். குனிந்து நீரை முகக்கிறாள். ஏதோ தீர்த்தம் போலச் சொட்டுகிறாள். கூப்பிய கைகளுக்குள் சீசாவை ஏந்திக்கொண்டு, புரியாத மொழியில் ராகமாக முணுமுணுக்கிறாள். ஒரு நாள் நான் போனபோது, நான் வழக்கமாகச் சீசாக்களை வைக்கும் கல்லில் குங்குமம் தீட்டியிருந்தது. மேலே ஒரு செம்பருத்தி.

செய்தவர் ரேணு பௌதி. பௌதி என்றால் அண்ணி. அங்கே மணமான அண்டை வீட்டுப் பெண்கள் எல்லாருமே பௌதிதான். படித்துறைக்கு நேர்மேலே அவர் வீடு. அவர் வாயைத் திறந்தால் யார்டு எஞ்சினின் ஊதல்கூடச் சற்று அடங்கியதுபோலிருக்கும். அவர் பேசியது வங்காளம். என் காதில் அது இன்னமும் நம் வீட்டுத் தமிழாகத்தான் ஒலிக்கிறது.

"தீதி, இது எந்த மா?" தீதி என்றால் அக்கா; மா என்றால் அம்மன்.

"எந்த மாவும் இல்ல பௌதி. ஆபீஸ் வேலை. தண்ணியைப் பரிசோதிக்கிறேன்."

"அப்போ மந்திரம் எதுக்கு?"

"நேரம் பார்க்கறதுக்கு."

"எங்க வீட்ல நேரம் பார்க்கக் கடியாரம் இருக்கு" என்றார் பௌதி, இடுப்பில் குடத்தை மாற்றிக்கொண்டே. பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி சரி. வெளிய சொல்லக் கூடாத விரதம்னா சொல்ல வேண்டாம். நான் கேட்கலை" என்றார்.

அதற்குமேல் நான் எவ்வளவு சொன்னாலும் அது என் அடக்கமாகவே கொள்ளப்பட்டது. அடுத்த லாரி வந்தபோது பௌதி சங்கை எடுத்துக்கொண்டு வடமூலையில் நின்றாராம். "மா இங்க வந்து உட்கார்ந்துட்டா. தைரியம் இருந்தா கொட்டு. உன் டயர் முழுசா வீடு போய்ச் சேருதான்னு நானும் பார்க்கிறேன்." ஓட்டுநர் கல்லைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு லாரியைத் திருப்பிவிட்டார். அத்தோடு ராபிஷ் நின்றது.

"நீ சொல்றது பெருமாள் மேல. அவங்க குங்குமம் வெக்கிறது காளிக்கு. யாரோட குளம்னு வழக்கு வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டார் என் கணவர்.

"அண்ணன் தங்கைதானே. பேசித் தீர்த்துப்பாங்க."

"உங்க தலைவர்?"

தலைவர் வங்காளி, கடவுளைப் பற்றிய பேச்சு வந்தாலே மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுபவர். "மேடம், உங்களை நீர் எடுக்க அனுப்பினேன். நீங்க தலபுராணம் எழுதிட்டு வர்றீங்க" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான். உள்ளூர ஒரு மகிழ்ச்சியும் இருந்ததை மறைப்பானேன்? நீர் நின்ற இடமெல்லாம் கைகூப்பி வளர்ந்தவள் நான். குளம் பிழைத்ததே, அது எவர் பேரால் பிழைத்தால் என்ன என்று இருந்தேன்.

அந்த மகிழ்ச்சி துர்கா பூஜைவரை நீடித்தது. பிறகு பக்தி பெருகியது. பக்கத்துச் சந்துகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மாலை மாலையாகப் பூ, வில்வம், பொரி, பதாசா என்னும் சர்க்கரை வில்லை, செம்பு செம்பாகப் பால். போதாததற்கு, வீட்டுப் பூஜையில் வாடிய பூக்களையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து நீரில் விட்டார்கள். பூவும் பாலும் நீரில் அழுகும்போது அங்குள்ள பிராணவாயுவையெல்லாம் தின்றுதான் அழுகும். வாரத்துக்கு வாரம் என் சீசாவில் பழுப்பு வெளிறிக்கொண்டே வந்தது. ஒரு காலை மேகம் வெள்ளையாகத் திரண்டது. சுற்றிலும் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அந்த வெண்மையை நான் முன்பே ஓரிடத்தில் பார்த்திருந்தேன். காளிகாட் கோயிலுக்குப் பின்னால் ஓடும் பழைய கங்கைக் கால்வாயில் ஒருமுறை நீர் எடுக்கப் போனபோது, சீசாவில் திரண்டதைப் பார்த்துவிட்டு, கைகூப்புவதா முகத்தைத் திருப்பிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். ஷாலுக் புகுரும் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. போய்விட்டால் புரொமோட்டர் காத்திருந்த நாற்றம் தானாகவே வந்துவிடும். பக்தியை நிறுத்தச் சொன்னாலோ லாரி மறுநாளே திரும்பி வரும்.

தலைவரிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். "பதிவு பண்ணிக்கங்க மேடம். நாம பார்க்கிறவங்க. மாத்தறவங்க இல்ல." அவர் கல்மனம் படைத்தவர் அல்லர், எங்கள் தொழிலின் ஒழுங்கு அது. ஆனால் தம் குளத்தை அவர் ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவார். என் குளத்தைத் தாண்டித்தான் நான் காய் வாங்கவே போக வேண்டும்.

அடுத்த முறை வெள்ளை திரண்டபோது படியில் ஒரே ஆரவாரம். "பாருங்கடி, பாருங்கடி! நாம ஊத்தின பாலெல்லாம் தீதியோட சீசாவுல வந்துடுச்சு. மா குடிச்சுட்டா!" என்று ரேணு பௌதி எல்லாரையும் கூப்பிட்டார். இரண்டு பேர் குலவையிட்டார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. தெருக்குழாய் நீரை ஒரு வாளியில், காற்று கலக்கும்படி உயரத்திலிருந்து, அவர்களையே ஊற்றச் சொன்னேன். அதிலிருந்து ஒரு சீசா நிரப்பி அதே மருந்துகளைச் சொட்டினேன். அடர்ந்த பழுப்பு திரண்டு இறங்கியது. இரண்டு சீசாக்களையும் கல்லின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"இது லிக்கர் சா மாதிரி இருக்கே" என்றார் பௌதி. பால் விடாத தேநீரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"இதுல மூச்சு இருக்கு பௌதி. அதான் இந்த நிறம். வெள்ளையா இருக்கிறதுல மூச்சு இல்ல. மீன் ஏன் மேல வந்து வாயைத் திறக்குதுன்னு நினைக்கிறீங்க?"

 பௌதி குளத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்போ மாவுக்கு மூச்சு முட்டுதா?" என்றார்.

தலைவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் "ஆமாம், முட்டுது" என்றேன். அது பொய்யென்று அன்றும் தோன்றவில்லை; இன்றும் தோன்றவில்லை.

"பூ போட்டா மூச்சு முட்டுமா? எந்த சாமிக்காவது பூ ஆகாதா?"

"உங்க வீட்டு மா மேல நேத்துப் போட்ட பூவை இன்னிக்குக் காலையில என்ன பண்ணுவீங்க?"

"எடுத்துடுவோம். நிர்மால்யமாச்சே."

சொல் அங்கும் நிர்மால்யந்தான். சூட்டிக் களைந்த பூவுக்குக் காவிரிக்கரையில் என்ன பெயரோ அதே பெயர்தான் கங்கைக்கரையிலும். என் அப்பாவே வந்து பக்கத்தில் நின்றதுபோல் இருந்தது எனக்கு.

"எடுத்து?"

"இது தெரியாதா? தண்ணியில விடுவோம். நிர்மால்யம் தண்ணிக்குத்தான் போகணும்."

"சரி பௌதி. தண்ணியே சாமின்னு வெச்சுட்டீங்க. தண்ணியோட நிர்மால்யம் எங்க போகும்?"

பௌதி வாயைத் திறந்தார், மூடினார். சந்தின் வரலாற்றில் அது முதல் முறை. பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை எழுத எனக்கு எழுத்து இல்லை. "ஓ மா! சாமிக்குக் குளிப்பாட்டி விடாம மாலை மேல மாலையா போட்டிருக்கோமேடி!" என்றார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு முதலில் இறங்கியவரும் அவர்தான்.

அன்று அத்தனை பெண்களும் இறங்கி அழுகிய பூவையெல்லாம் கூடை கூடையாக அள்ளினார்கள். வில்வமரத்தடியில் ஒரு குழி வெட்டி அதில் போட்டார்கள். பூவைக் கல்லின்மேல் வைக்கலாம், நீரில் விடக்கூடாது. பாலைக் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த விதிகளை வகுத்தது நானல்ல, பௌதி. மாவின் கட்டளை என்று அவர் சொன்னதால் எதிர்ப்பே எழவில்லை. நானே ஒரு சுற்றறிக்கை எழுதி ஒட்டியிருந்தால் அதன்மேல் வடாம் காய்ந்திருக்கும்.

அதன்பிறகு வந்த ஆண்டுகளைத்தான் என் மனம் திரும்பத் திரும்பப் போய்த் தொடுகிறது. ஆய்வு முடிந்து கோப்பு அலமாரிக்குள் போய்விட்டது. சீசாவை நிறுத்தத்தான் சந்து என்னை விடவில்லை. நான் நீர் எடுக்கும் நாளில் நிறம் தெரியும்வரை ஒருவரும் சோப்பைத் தொடமாட்டார்கள். படிகளில் வரிசையாக உட்கார்ந்து, வேப்பங்குச்சியை மென்றுகொண்டு, "இன்னிக்கு என்ன தீதி, சாயா பாலா?" என்று கேட்பார்கள். பழுப்பு என்றால் ஒரே கும்மாளம். சற்று வெளிறினாலோ விசாரணை தொடங்கிவிடும்.

"எவ வீட்டுக் கஞ்சிடி இது? சோறு வடிச்சுக் குளத்துல கொட்டினது யாரு?"

"என்னை ஏன் பார்க்கறீங்க பௌதி? எங்க வீட்ல நேத்து ரொட்டி!"

"உன் மாமியாருக்கு ரொட்டி மெல்ல முடியாதேடி. பொய்யாவது பொருத்தமா சொல்லக் கூடாதா?"

என் பாசுரமும் அவர்களுக்குப் பாடமாகிவிட்டது. பொருள் தெரியாது, உச்சரிப்பில் எங்கள் மெய்யெழுத்துகளெல்லாம் ரசகுல்லாவாகத் திரண்டிருக்கும். ஆனால் ராகம் தப்பாது. பத்தாம் பாட்டின் கடைசி அடியை நான் தொடங்கினால் படித்துறை முழுவதும் சேர்ந்து முடிக்கும். ஈர மஞ்சள் முகங்கள், குளிரில் நடுங்கும் குரல்கள், நீர்மேல் எழும் புகைபோன்ற பனி. பெரிய கோயில்களில் பெரிய கோஷ்டிகளோடு நின்றிருக்கிறேன். ஆனாலும் சந்நிதி என்று நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது அந்தப் படித்துறைதான். ஒரு மழைக்காலத்தில் வடமூலையில் இரண்டு ஆம்பல் இலைகள் தலைகாட்டின. பௌதி அதற்காக எனக்கு ஒரு கிண்ணம் பாயசம் அனுப்பினார்.

பிறகு என் கணவருக்குக் கரக்பூர் மாற்றல் வந்தது, பிறகு ஓய்வு, பிறகு அவர் போய்ச் சேர்ந்தார். நான் மகனோடு நியூ டவுனில், மேகத்துக்குப் பக்கத்து மாடியில் இருக்கிறேன். முழங்கால் ஊசி சற்றுக் குணம் தந்ததும் மகனிடம் கேட்டு, வண்டி வைத்துக்கொண்டு சாந்த்ராகாச்சி போய்வந்தேன்.

குளம் இருந்தது. நான் பயந்ததுபோல் அதை யாரும் மூடிவிடவில்லை. சுற்றிலும் உயரமான கம்பி வேலி. உள்ளே நடைபாதை, விளக்குக் கம்பங்கள். கரை முழுவதும் சரிவாகக் கான்கிரீட் பூசியிருந்தார்கள். நடுவில் மோட்டார் வைத்த நீரூற்று ஓயாமல் நீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அது இறைக்கும்வரை பிராணவாயுவுக்குக் குறைவிராது. நீர் தெளிவாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலியின் கதவு பூட்டியிருந்தது. நீரில் இறங்குவது தண்டனைக்குரியது என்று பலகை சொன்னது.

ரேணு பௌதி இருக்கிறார். அவர் வீட்டையும் இடித்து அடுக்குமாடியாக்கிவிட்டார்கள். இரண்டாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் குரல் உடைந்துவிட்டது. என் கையைப் பிடித்துத் தம் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்.

"குளம் நல்லா இருக்கு பௌதி. தெளிவா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்கு வீடு குழாய் வந்துடுச்சு. யாருக்கும் அதுகிட்ட வேலை இல்ல." என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "மூச்சு எப்படி இருக்கு?"

"தெரியல. கிட்ட போக முடியல."

"எனக்கும் தெரியல. இந்த ஜன்னல்லேர்ந்துதான் தினமும் பார்க்கிறேன். படியை உடைக்கல தீதி, தெரியுமா? அதுமேலயே சிமெண்டை ஊத்திட்டாங்க. நான் பார்த்துட்டே இருந்தேன். சங்கை ஊதலாம்னா, மூச்சு எனக்கு இல்ல."

பௌதியின் மருமகள் தேநீர் கொண்டுவந்தாள். சந்துப் பெண்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். பாதிப் பேர் பிள்ளைகளோடு தொலைவூர்களுக்குப் போய்விட்டார்கள்; மீதியில் பாதிப் பேர் இல்லை.

திரும்பும்போது வண்டி பாலத்தில் வெகுநேரம் நெரிசலில் நின்றது. கீழே கங்கை. நான் அந்தப் படிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். கான்கிரீட் நீர்மட்டம்வரைதான் வந்திருந்தது. எங்கள் படித்துறையின் கடைசிப் படி எந்தக் கோடையிலும் வெளியே தெரிந்ததில்லை. பாசி வழுக்கும் என்று அறிந்து, கட்டைவிரலை ஊன்றித்தான் அதில் நிற்க வேண்டும். நீருக்கு அடியில் அந்த ஒரு படி இன்னும் அப்படியே இருக்கும். அதில் வந்து நிற்க இனி ஒரு கால் இல்லை.